சொல்லித் தராதவன்

மாடி போர்ஷனைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள். கடல் காற்றுக்கு ஃபிரிட்ஜ் துருப்பிடிக்குமா என்று கேட்பார்கள். இவன் ஒன்றும் கேட்கவில்லை. என்னை விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, நான் எந்த சுவிட்சைத் தொடுகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த போர்டில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எது விளக்கு, எது ஃபேன் என்று எனக்கே நிச்சயம் கிடையாது. மேலிருந்து கீழே கையால் ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் ஓடும், அப்புறம் வேண்டாததை அணைத்துக்கொள்ளலாம். வீடு கட்டின நாள் முதல் அப்படித்தான்.

“எப்பவும் இப்பிடித்தானா பெரிம்மா?” என்றான்.

“எல்லாத்தையும் போட்டா எது வேணுமோ அதுவும் எரியுது. இதுல இன்னா கொறைச்சல்?”

“கொறைச்சல் உங்க கிட்ட இல்ல. போர்டு மாட்டினவரு கிட்ட கீது.”

குடிவந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மாற்றினான். அறையில் எது எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதே வரிசையில் சுவிட்சும் வந்தது. அதற்கப்புறம் நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டால்கூடச் சரியான விளக்கு எரிந்தது. நன்றாக இருக்கிறது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்காரி அதையெல்லாம் சொல்லக்கூடாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். மகாபலிபுரத்தில் வாசலிலேயே காலை நாஸ்தா கடை வைத்து, அந்த இட்லியிலேயே மாடி எடுத்தவள். அதனால் குடிவருகிறவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

“வெப்சைட் செய்யறேன்” என்றான்.

“எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்ல பெரிம்மா. நானேதான்.”

“அப்ப உனுக்கு லீவு யாரு குடுப்பாங்க?”

கொஞ்சம் யோசித்தான். “யாரும் குடுக்கறதில்ல” என்றான்.

அவனோடு வந்த சாமான் ஒரு கம்ப்யூட்டர், என் கட்டிலைவிட விலை கூடின ஒரு நாற்காலி, அப்புறம் ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பழைய போன். கண்ணாடி உடைந்தது, பேட்டரி உப்பினது, பட்டன் தேய்ந்தது என்று ஊரில் கழித்துக்கட்டினதெல்லாம் அதில் இருந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போட வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பார்த்தால், அதுதான் அவன் தொழிலுக்கே ஆதாரம். புது போனில் எல்லாம் நன்றாகத்தான் தெரியுமாம். எவனிடம் மட்டமான போன் இருக்கிறதோ அவனுக்குத் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்காம்.

அவன் தொழிலை நான் புரிந்துகொண்டது இப்படி. கடைக்கு வாசலில் போர்டு வைக்கிற மாதிரி, போனுக்குள் ஒரு போர்டு. அதைத் தொட்டால் கதவு திறக்கும், உள்ளே போய்க் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பக்கம் என்று பெயர். செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டர் அவனிடம் ஒரு பக்கம் செய்யச் சொல்லியிருந்தார், உட்கார்ந்த இடத்திலிருந்து டோக்கன் போட. செய்து முடித்ததும் அவன் கீழே வந்தான். நான் மாவுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உடைந்த போன் ஒன்றை என் கையில் கொடுத்தான்.

“வெள்ளிக்கெழம சாயங்காலம் டாக்டர பாக்கணும். டோக்கன் போடுங்க” என்றான்.

“எப்பிடி?”

“தெரியாது.”

சொல்லிவிட்டு என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அப்படி வைக்காவிட்டால் விரல் தானாக நீண்டு ‘இங்கே அமுக்குங்க’ என்று காட்டிவிடுமாம். பார்த்துக்கொண்டே இருந்தான். நான் தட்டுத் தடுமாறிப் பெயர் போட்டேன், போன் நம்பர் போட்டேன். அடுத்து ஈமெயில் கேட்டது. அது இல்லாமல் மேலே போகமாட்டேன் என்றது. நான் எங்கெங்கேயோ அமுக்கிப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

“எனுக்கு பல்லே வலிக்கல, வுடுப்பா” என்று போனைக் கீழே வைத்தேன்.

“மாட்டினீங்களா?” என்றான். முகத்தில் ஒரு சந்தோஷம். “நீங்க தப்பு பண்ணல பெரிம்மா. நான் வெச்ச எடம் தப்பு.”

அவன் வாழ்க்கையில் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். மறுநாள் ஈமெயிலை எடுத்துவிட்டுத் திரும்ப வந்தான். இந்தத் தடவை நான் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. டாக்டர் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் பேசினாள், எந்தப் பக்கத்துப் பல் வலி என்று கேட்டாள். அவன் எப்போதும் நிஜமான பக்கத்தைத்தான் கையில் கொடுப்பான். பொய்யாக ஒன்று செய்து கொடுத்தால் ஜனங்களுக்குப் பயம் வராது, பயந்தால்தான் விரல் எங்கே தப்பும் என்று தெரியும் என்பான். டோக்கனை அப்புறம் அவனே ரத்து செய்துவிடுவதாகச் சொன்னான். டோக்கன் போட்டாச்சே என்று நான் வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு போய், ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் தேடிப்பார்த்ததில் ஒன்று சொத்தையாகத்தான் இருந்தது.

அதிலிருந்து அவன் செய்த பக்கம் எதுவும் என் கை படாமல் வெளியே போனதில்லை. நான் பாஸ் போட்டால் பாஸ். ஒரு லாட்ஜுக்காரர் அவனிடம் போனில் சத்தம் போட்டது கீழே எனக்குக் கேட்டது. வாசல் பூராவும் பூமாலை தொங்குகிற மாதிரியும், பக்கத்தைத் திறந்ததும் நாயனம் வாசிக்கிற மாதிரியும் கேட்டிருந்தார் போல. இவன் அமைதியாக, “வூட்டுக்காரம்மா ஒத்துக்கல சார்” என்றான். அவர் என்ன கேட்டாரோ, “இல்ல சார், டிசைனர் இல்ல. இட்லி கடை” என்றான். கொஞ்ச காலத்தில் அந்த ஆட்களே, அந்த அம்மா பார்த்தாச்சா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கத்தானே வேண்டும்.

வேடந்தாங்கலில் ஏரிக்குப் பக்கமாக ஒருத்தர், குளிர்காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். திறந்ததும் பறவைக் கூட்டம் சிறகடித்துக்கொண்டு கிளம்புகிற வீடியோ ஓடவேண்டும் என்பது அவர் ஆசை. இவனும் அப்படியே செய்தான். செய்துவிட்டு, பெட்டியிலிருந்து மட்டமான போன் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏரிக்கரைக்கே போய் உட்கார்ந்தான். அங்கே டவர் சரியாக எடுக்காது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். மேலே நிஜப் பறவையெல்லாம் வந்து கூட்டில் அடைந்துவிட்டது, போனுக்குள் ஒரு கொக்குகூட வரவில்லை. திரும்பி வந்து வீடியோவைத் தூக்கிவிட்டு, வழி, வாடகை, போன் நம்பர், ஒரு போட்டோ என்று நிறுத்தினான். வீட்டுக்காரருக்கு வருத்தம். “வேடந்தாங்கல்ல தெறக்காதத வெச்சுகினு இன்னா பண்றது” என்றான் என்னிடம்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஏனென்றால் அவன் இந்தப் பழக்கத்தை மாடியோடு விடவில்லை.

பேங்க்கில் பாஸ்புக் அச்சடிக்கிற மிஷின் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்து அதன் வாயில் வைக்கவேண்டும். ஒருநாள் துணைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வைத்தேன், துப்பிவிட்டது. திருப்பி வைத்தேன், துப்பியது. பின்னால் வரிசை. ஒருத்தன், “கெழவி நவுந்து நில்லு” என்றான். கெழவி என்றவனை நான் கவனித்துக்கொண்டேன், அது வேறு. நான் வியர்த்து நிற்கிறேன், கூட வந்தவன் ஓரமாகச் சுவரில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“யோவ், நீ எதுக்குய்யா கூட வந்த?” என்றேன்.

“எந்தப் பக்கம் திருப்பறீங்கன்னு பாத்துகினு இருந்தேன் பெரிம்மா. எல்லாரும் மொதல்ல அந்தப் பக்கம்தான் வெக்கறாங்க. மிஷினு வாயிலதான் தப்பு.”

“மிஷினு வாய்ல தப்பு இருக்கட்டும். உன் வாய்ல இன்னா வெச்சிருந்த?”

அவன் கெட்டவன் கிடையாது. ஒருத்தர் தடுமாறுவதைப் பார்க்கும்போது அவன் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டான். ஆனால் தடுமாறுகிறவளுக்கு அது எப்படித் தெரியும். அன்றிலிருந்து ஒரு வாரம் அவனுக்குச் சாம்பார் ஊற்றவில்லை, சட்னியோடு நிறுத்தினேன். அவன் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவன் சொந்த ஊர் படாளம் பக்கம். அங்கே கொஞ்சம் நிலம், அம்மா மட்டும். கல்யாண வயசு தாண்டிக்கொண்டிருந்தது. வந்த இடமெல்லாம் ஒரே கேள்வியில் நின்றது. பையன் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். வெப் டெவலப்பர், ஃப்ரீலான்ஸ் என்று இவன் அம்மா மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்வாள். அப்படியென்றால் இப்போதைக்கு வேலை இல்லை, அப்படித்தானே என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அம்மா என்னிடம் போனில் அழுவாள். “ஊருல எல்லாம் புள்ள வூட்டுல சும்மா குந்திகினு கீறான்னு பேசறாங்கக்கா. இன்னா வேலன்னு எனுக்கே சொல்லத் தெரியல.”

இவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை, அந்தப் பெண்ணைப் பார்க்கிறவரைக்கும். மதுராந்தகத்தில் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. போய்விட்டு வந்தவன் என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“பெரிம்மா, பந்தி நடக்கற எடத்துல குப்பைக் கூடைய ஓரமா வெச்சிருந்தாங்க. ஜனங்க டம்ளர நடுவுல போட்டுட்டுப் போறாங்க. எல்லாரும் திட்டிகினு கீறாங்க. ஒரு பொண்ணு வந்துச்சு. யாரையும் ஒண்ணும் சொல்லல. கூடைய தூக்கிகினு வந்து ஜனங்க எங்க போடறாங்களோ அங்கயே வெச்சுட்டுப் போயிடுச்சு.”

“செரி.”

“அவ்ளோதான்.”

கூடையை நகர்த்தினதற்காக ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நினைத்தவனை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. விசாரித்ததில் பெண் மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அப்பாவும் அந்த மாதிரி ஒரு கம்பெனியில் காலமெல்லாம் மிஷின் லைனில் நின்று ரிட்டயர் ஆனவர். பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தியது. அப்பாவுக்கு வேலைதான் பொருந்தவில்லை. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

“பெரிம்மா, இந்த எடம் தவறக்கூடாது” என்றான் என்னிடம். ஆகட்டும், போகட்டும் என்பதைத் தவிர வேறு பேசாதவன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்தார்கள். அப்பா, அம்மா, வழக்கம் இல்லாத வழக்கமாகப் பெண்ணும் கூடவே வந்துவிட்டாள். படாளத்திலிருந்து இவன் அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள். என் ஹாலில் உட்காரவைத்தோம். நான் கேசரியும் வடையும் செய்து தட்டில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற பெண் வீட்டார், இடம் மனசுக்குச் சரிப்பட்டால்தான் கை நனைப்பார்கள். சரிப்படாவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியது இல்லை. அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். தட்டைத் தொடவில்லை.

“கம்பெனி பஸ்ஸு எங்க வந்து ஏத்திக்கும் தம்பி?” என்றார் அப்பா.

“பஸ்ஸு வராதுங்க. மேலதான் வேலை.”

அவர் மேலே என் ஃபேனைப் பார்த்தார். “அப்ப காலைல எழுந்து?”

“பக்கத்து ரூமுக்குப் போவேங்க.”

“முன்ன எங்கனா வேலைல இருந்தீங்களா?”

“மெட்ராஸ்ல ஒரு கம்பெனில இருந்தேன்.”

“ஏன் வுட்டீங்க?”

ஏதாவது சம்பளம், தூரம் என்று சொல்லியிருக்கலாம். இவன் உள்ளதைச் சொன்னான். “நாங்க செஞ்ச பக்கத்துல ஜனங்க ஒரு எடத்துல தடுமாறுனாங்க. மாத்தலாம்னு மேல சொன்னேன். போவப் போவப் பழகிப்பாங்க, வுடுன்னாங்க. வந்துட்டேன்.”

“அதுக்காவா?”

“ஆமாங்க.”

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். எழுந்திருக்கலாமா என்று கேட்கிற பார்வை அது. இவன் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இனி நாம் பேசாவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நான் முன்னால் வந்தேன்.

“அவனுக்கு இன்னா தெரியும்னுதானே கேக்கறீங்க, நான் சொல்றேன் கேளுங்க. கடைக்குப் பக்கம் கட்டத் தெரியும். வேற எவனோ கட்டிட்டு ஓடிப்போனது படுத்துகினா எழுப்பி வுடத் தெரியும். ஒரு டிராவல்ஸ்காரரு பக்கத்துல எவனோ பூந்து சூதாட்டக் கடை வெச்சுட்டான், அவன தொரத்திட்டுப் பூட்டு போட்டான். எல்லாத்தையும் இன்னொரு எடத்துல காப்பி எடுத்து வெச்சிருப்பான், எரிஞ்சு போனாலும் எடுத்து நீட்டுவான். வெளிநாட்டுக்காரங்க கூட இங்கிலீஷ்ல பேசுவான். அவங்க திட்டினாலும் சிரிச்சுகினு கேட்டுப்பான். எல்லாத்துக்கும் மேல, என்ன மாதிரி மூணாங்கிளாஸுக்குத் தெரியாத வேலைய அவன் வெளிய வுடமாட்டான்.”

பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா, “அப்பிடி இன்னாதான் அது, காட்டுங்க பாப்பம்” என்றார்.

இவன் மாடிக்குப் போய்ப் பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். மதுராந்தகம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குச் செய்த பக்கம். நான் பாஸ் போட்டு, வெளியே போய், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து அவர் கையில் கொடுத்தான்.

“தை மாசத்துல ஒரு முகூர்த்தம் காலியா கீதான்னு பாருங்க” என்றான்.

“எப்பிடிப் பாக்கறது?”

“தெரியாதுங்க.”

சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டார். மாதத்தைக் கண்டுபிடித்தார், நாளைத் தொட்டார். பெயர் கேட்டது, தன் பெயரைப் போட்டார். நம்பர் கேட்டது, தன் நம்பரைப் போட்டார். அதற்குமேல் நாம் போகவேண்டாம் என்று நினைத்தார் போல, திரும்பி வரப் பார்த்தார். முடியவில்லை. நெற்றியில் வியர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் இவனைப் பார்த்தார். இவன் அவர் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் அம்மா, “சொல்லேன்டா” என்று முனகினாள். அது இவனுக்குக் கேட்கவே இல்லை. அவருக்குத் தன் போனில் பின்னால் வருவதற்குக் கீழே இடது ஓரத்தில் அமுக்குகிற பழக்கம். அங்கே அமுக்கினார்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவர் சட்டைப்பையில் இருந்த அவர் போன் அடித்தது. லைன் சத்தத்தில் காது மந்தமானவர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாராம். மண்டபத்து மேனேஜர் பேசினார்.

“ஐயா வணக்கம். தை மாச முகூர்த்தம் உங்க பேருல பதிவாயிருக்கு. பொண்ணு பேரு, மாப்ள பேரு சொன்னீங்கன்னா எழுதிப்பேன்.”

“நான் சும்மா பாத்தேங்க.”

“சும்மா பாத்தா எனுக்கு வராதுங்க. உறுதின்னு அமுத்தியிருக்கீங்க.”

“நானே கூப்புடறேன், வைங்க” என்று வைத்துவிட்டு, “இன்னா தம்பி இது” என்றார். குரல் ஏறியிருந்தது.

“உங்க தப்பு இல்லீங்க” என்றான் இவன். “பின்னாடி போற எடத்துல உறுதிய வெச்சிருக்கேன். நான் வெச்ச எடம் தப்பு.”

“எனுக்கு நல்லாத்தானே இருந்துச்சு” என்றேன் நான். நான் பாஸ் போட்ட பக்கம் அது.

“உங்க போனு வேற பெரிம்மா. இவரு போனுல பின்னாடி போற பட்டனு கீழ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் இவனிடம் பேசாமல் பெண்டாட்டியிடம் பேசினார். “எங்க லைன்லயும் இதேதான். புதுசா வந்த பையன் பார்ட்ட தலைகீழா மாட்டிடுவான். எல்லாரும் அவன திட்டுவானுங்க. தலைகீழா மாட்டவே முடியாத மாதிரி பார்ட்டு உக்கார்ற அந்தக் கட்டைய மாத்துங்கடான்னு நான் எத்தினி தபா சொல்லியிருப்பேன்.”

“கேட்டாங்களா?” என்றான் இவன்.

“கேக்கல.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “நான் வேலைய வுட்டுட்டு வரல. அவ்ளோதான்.”

அப்புறம் அந்தப் பழைய போனைத் திரும்பக் கையில் எடுத்தார்.

“சரி, இப்ப வேணாம்னா எங்க அமுத்தணும்?” என்றார்.

இவன் வாயைத் திறக்கவில்லை. கை தொடைக்கடியிலேயே இருந்தது. அவர் போனைப் புரட்டிப் புரட்டித் தேடினார். ரத்து என்பது மண்டபத்துக்காரர் கேட்டுக்கொண்டபடி கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். மேல் மூலையில் மூன்று கோடு, அதைத் தொட்டால் உள்ளே கிடக்கும். எனக்குத் தெரியும். பெண் அப்பாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். அவள் கண் நேராக அந்த மூலைக்குப் போனதை நான் பார்த்தேன். தரம் பார்க்கிற பெண்ணல்லவா. அங்கே போன கண்ணை மெதுவாக எடுத்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வைத்துக்கொண்டாள். நான் வடைத் தட்டை நேராக நகர்த்தி வைத்தேன். இவன் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தது பழக்கத்தினாலா, வேறு எதனாலா என்று நான் இன்றைக்கு வரைக்கும் கேட்டதில்லை.

அவர் போன் திரும்பவும் அடித்தது. மேனேஜர்தான். “ஐயா, இன்னொரு பார்ட்டி அதே நாள கேட்டுகினு வந்து நிக்கறாங்க. வேணுமா வேணாமா, ஒண்ணு சொல்லிடுங்க.”

அவர் போனைக் கையால் மூடினார். பெண் காலண்டரைப் பார்த்தபடியே சொன்னாள். “தை மாசத்துல மண்டபம் கெடைக்கறது கஷ்டம்பா.”

அவர் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அப்புறம் கையை எடுத்தார்.

“பொண்ணு பேரு சொல்லுங்கய்யா” என்றது போன்.

பெண் குனிந்து தன் பெயரைச் சொன்னாள். மேனேஜருக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தரமும் சொன்னாள். அவள் அம்மா கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு ஓரம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். இவன் அம்மா அதைப் பார்த்துவிட்டு என் கையை வந்து பிடித்துக்கொண்டாள்.

“மாப்ள பேரு?”

அப்பா சொன்னார்.

“மாப்ள எங்க வேலை? வாசல்ல வெக்கற போர்டுல பேருக்குக் கீழ எல்லாரும் கம்பெனி பேரு போடறாங்க.”

இவன் அம்மாவுக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்ததும் மறந்துவிட்டது. பெண்ணின் அப்பா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். “இப்ப நான் அமுத்தினேனே, அந்தப் பக்கத்த செஞ்சதே அவருதாங்க.”

“யாரு, நம்ம வெப்சைட் தம்பியா?” என்றது போன். “அத மொதல்லயே சொல்லக்கூடாதா. நல்ல மாதிரிங்க. வேலைய முடிச்சு எங்கையில குடுத்துட்டு எதிர்ல குந்திகினாரு. நான் முழிச்சுகினு கீறேன், மனுஷன் ஒரு வார்த்த சொல்லித் தரல, பாத்துகினே கீறாரு. அந்தாளுதானே?”

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தாளுதாங்க” என்றார். “எழுதிக்கோங்க.”